திறக்காத வரைபடம்

ஜூலை 8, 2024, திங்கள்

பிற்பகல் 2.50. நல்லாங்குளம் ஒன்றிய அலுவலகம். உதவிப் பொறியாளர் அருணகிரியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பனையடிப்பட்டி ஊராட்சிப் பள்ளியில் இன்று காலை 11.10-க்கு சத்துணவுச் சமையல் கூடத்தின் சன்ஷேடு இடிந்து விழுந்தது. வாசலுக்கு மேலே வெயிலும் மழையும் அண்டாமல் சுவரிலிருந்து நீட்டிக் கட்டிய கான்கிரீட் பலகை. அதன் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உதவியாளர் ராசம்மாள் (46) அந்த இடத்திலேயே இறந்தார். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தட்டோடு அங்கே வரிசையில் நின்றிருப்பார்கள்.

விழுந்த பலகையை நானே டேப் பிடித்து அளந்தேன். சுவரிலிருந்து மூன்றடி. தலைமையாசிரியர் நாலடி என்று சொன்னார். அவர் சொன்னதை எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும்.

கட்டடம் 2011-ல் கட்டியது. கட்டியவர் உள்ளூர்க் கொத்தனார் தங்கப்பழம். பிளான் வரைந்தது இந்த அலுவலகம். அதாவது அருணகிரி.

நான் உள்ளே வந்ததும் "ஒரு நிமிஷம் இரும் வே, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போகணும், முடிச்சிருதேன்" என்றான். முகம் வெளிறியிருக்கிறது. லெட்டர் என்கிறான், ஆனால் தட்டுகிற சத்தம் அதிகம் இல்லை. மவுசைத்தான் நகர்த்திக்கொண்டே இருக்கிறான். பாவம், கை ஓடவில்லை போல. டீ வந்தது. தம்ளரைத் தெரியாமல் டைரி மேலேயே வைத்துவிட்டேன். பக்கத்தில் வட்டமாகக் கறை.

3.05. வேலை முடிந்தது. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். "பிளான்ல ஒன்றரை அடிதான் வே. அந்தத் தங்கப்பழம் அவன் இஷ்டத்துக்கு மூணடி நீட்டிட்டான். வெறகு நனையக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்களாம்."

ஆதாரம் வேண்டும் என்றேன். "உமக்கு இல்லாததா" என்று சிரித்தான். வரைபடத்தின் கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வழக்கம்போல உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவனே சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். நீட்சி ஒன்றரை அடி. தேதி மார்ச் 2011.

மாலை 6.30. பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியாயிற்று. கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன்: "வரைபடத்தின் நகல் நமது நிருபரிடம் உள்ளது." அந்த வரி இருந்தால் டெஸ்க்கில் கேள்வி கேட்கமாட்டார்கள்.

என் மனைவி வடிவுக்குச் சனிக்கிழமை கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து சொட்டு மருந்து நாலு வேளை. இன்று மூன்றாவது வேளை இருபது நிமிடம் தாமதம். கோபித்துக்கொள்ளவில்லை.


ஜூலை 9, செவ்வாய்

மாவட்டப் பக்கத்தில் முதல் செய்தி. தலைப்பு: "வரைபடத்தில் ஒன்றரை அடி, கட்டியது மூன்றடி."

10.30-க்குத் தங்கப்பழத்தை (52) வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மேசையில் எங்கள் பத்திரிகை விரித்துக் கிடந்தது. குற்றவியல் சட்டப் புத்தகம் மாறி ஒரு வாரம்தான் ஆகிறது. எழுத்தர் பழைய பிரிவின் எண்ணை எழுதி, அடித்து, சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துப் புதிய எண்ணை எழுதினார்.

தங்கப்பழம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் காய்ந்த சிமென்ட். காலையில் வேறு எங்கோ வேலைக்குக் கலவை போட்டுவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தவர். என்னைப் பார்த்து எழுந்தார். "படம் உங்ககிட்ட இருக்காமே அண்ணாச்சி. நல்லாப் பாத்தியளா?" என்று கேட்டார். ஏட்டு அவரை உட்காரச் சொன்னார்.

வடிவுக்குப் படிக்கக் கூடாது என்பதால் செய்தியை வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"அந்தப் படத்த நீங்க பாத்தீங்களா?"

"ம்" என்றேன்.


ஜூலை 10, புதன்

வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. மருந்து நாலு வேளை, நேரத்துக்கு. வேறு ஒன்றுமில்லை.


ஜூலை 11, வியாழன்

தங்கப்பழத்தின் மனைவி செல்லக்கனி காலை எட்டரைக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடியே நின்று பேசினார். கூட வந்த மகள் பக்கத்தில் போனோடு நின்றாள்.

"மூணடின்னு படத்துல இருந்துச்சு அண்ணாச்சி. இம்புட்டு நீட்டுனா கம்பி பத்தாது சார்னு இவரு அப்பவே சொல்லியிருக்காரு. 'படத்துல இருக்கதக் கட்டும், நீரு இன்ஜினியரா நான் இன்ஜினியரா'ன்னு சொன்னாராம் அந்த சாரு."

"உங்ககிட்ட அந்தப் படம் இருக்கா?"

"கொத்தனார் வீட்டுல படம் எங்க இருக்கும்? வேல நடக்கயில செவுத்துல ஒட்டிவச்சி, மழையில போச்சி. ஆபீசுல ஒரு காப்பி இருக்கணும்லா. கேட்டா காங்கலைங்காவ. நீங்க எழுதுனதுல உங்ககிட்ட இருக்குன்னு போட்டுருந்துச்சு. எம்மவ வாசிச்சா. அத ஒரு தடவ காட்டுங்க. எங்க மூணடின்னு இருக்கு, எங்க ஒன்றரைன்னு இருக்குன்னு நானும் பாத்துக்கிடுதேன்."

போனை எடுத்தேன். அருணகிரி அனுப்பிய கோப்பைத் தொட்டேன். இதைத் திறக்க இந்தப் போனில் செயலி இல்லை என்று வந்தது. மறுபடி தொட்டேன். மறுபடி அதே.

"நெட்வொர்க் இல்லை" என்றேன்.

நெட்வொர்க் நாலு கோடு இருந்தது.

"சரி, கெடச்சதும் சொல்லுங்க" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.


ஜூலை 12, வெள்ளி

கோப்பை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். பெயருக்குக் கடைசியில் டி, டபிள்யூ, ஜி என்று மூன்று எழுத்து. இதை எதைக் கொண்டு திறப்பது என்று அதுவே என்னைக் கேட்டது. பட்டியலில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். படம் பார்ப்பது திறக்கவில்லை. செய்தி அடிப்பது திறக்கவில்லை. கடைசி மூன்று எழுத்தை அழித்து பிடிஎஃப் என்று எழுதிப் பார்த்தேன். கோப்பு உடைந்திருக்கிறது என்று வந்தது. பழையபடி மாற்றினேன்.

நோட்பேடில் திறந்தது. பக்கம் பக்கமாகக் கட்டமும் கோணல் எழுத்தும், ஒரு வார்த்தை விளங்கவில்லை. முதல் ஆறு எழுத்து மட்டும் தெளிவு: ஏ, சி, 1, 0, 3, 2. வேறு எதுவும் படிக்க முடியாததால் அதைக் குறித்து வைக்கிறேன்.

அருணகிரிக்குப் போன் செய்தேன்.

"அந்த பைல் தொறக்கலையேவே."

"நீரு எதுக்குவே அதத் தொறக்கணும்? உள்ள இருக்கதத்தான் நான் சொன்னேம்லா."

"கேக்காங்க. காட்டணும்."

"யாரு கேக்கா?"

சொல்லவில்லை.

"பிடிஎஃப் போட்டுத் தாரேன். அது உம்ம போன்லயே தொறக்கும். அந்தப் பழைய பைல அழிச்சிரும். வைரஸ் இருக்குன்னு எங்க ஆபீஸ்ல சொல்லுதாங்க."

ஐந்து நிமிடத்தில் வந்தது. தொட்டவுடன் திறந்தது. சன்ஷேடு, அதன் கீழே அம்புக்குறி, ஒன்றரை அடி. தேதி மார்ச் 2011. மூலையில் அவன் கையெழுத்து. நிம்மதியாக இருந்தது. செல்லக்கனிக்கு இதைக் காட்டிவிடலாம்.

பழையதை அழிக்கவில்லை. சந்தேகத்தால் இல்லை. முப்பத்தொரு வருடம் ஒரே தாலுகாவுக்கு நிருபராக இருப்பவன் எதையும் அழிப்பதில்லை, அவ்வளவுதான்.


ஜூலை 14, ஞாயிறு

அருணகிரி வீட்டுக்கு வந்திருந்தான். வடிவுக்கு மாதுளை, ஹார்லிக்ஸ்.

எங்கள் பழக்கத்துக்குப் பத்தொன்பது வருடம். இந்த ஒன்றியத்தில் எந்தச் செய்தியும் மற்ற பத்திரிகைகளுக்கு முன்னால் எனக்குக் கிடைத்ததென்றால் இவனால்தான். டெண்டர், ஆய்வு, இடமாற்றம் எல்லாம். ஆவணம் அனுப்புவான். என்னவே இது என்று கேட்பேன், சொல்வான். 2016-ல் ஓடைப் பாலத்தில் விரிசல் என்று ஊர்க்காரர்கள் வந்தபோது "சும்மா மேல்பூச்சுவே, பெரிசாக்காதீரும்" என்றான். பெரிதாக்கவில்லை. பாலம் இன்னும் நிற்கிறது.

இன்று கிளம்பும்போது, "போனக் குடும், அந்த வைரஸ் பைல நானே எடுத்துவிடுதேன், உமக்குத் தெரியாது" என்றான். எழுந்திருக்கப் போனேன்.

அதுவரை கண்ணுக்கு மறைப்பு போட்டுச் சாய்ந்திருந்த வடிவு, "அவர் போன் அணைஞ்சு கெடக்குண்ணே, உள்ள சார்ஜ்ல போட்டுருக்கு" என்றாள்.

"பரவால்லம்மா, நான் இருக்கேன்."

"சார்ஜரே சரியில்ல. சாயந்தரம் ஆகும்."

அவன் போனபிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். போன் கட்டில்மேல் இருந்தது. தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"கண்ணு மூடியிருந்தா கொரலு நல்லாக் கேக்கு" என்றாள். மருந்து ஊற்றினேன்.


ஜூலை 15, திங்கள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜீனத்தின் பிளான் ஆபீஸ். வீட்டு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருகிறார், ஜெராக்சும் உண்டு. சிவில் டிப்ளமோ. போன வருடம் நகராட்சி அனுமதித் தாமதம் பற்றி அவரிடம் பேட்டி எடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, வீடு கட்டப் போறியளா?"

"ஒரு பைல் தொறக்கணும்."

"தொறக்க எம்புட்டுன்னு கேக்காதிய, ஒரு டீ வாங்கித் தந்தாப் போதும்."

பென் டிரைவைப் போட்டார். பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செய்தியைப் படித்திருக்கிறார் என்று தெரிந்தது.

நோட்பேடில் பார்த்த ஆறு எழுத்தைச் சொன்னேன். சிரித்தார். "பரவால்லயே. பேருக்குப் பின்னால இருக்க மூணு எழுத்த யாரும் மாத்தலாம் அண்ணாச்சி, நீங்களே மாத்திப் பாத்திருப்பிய. உள்ள இருக்க மொத எழுத்துதான் அது என்ன ஜாதி பைல்னு சொல்லும். பிடிஎஃப்புன்னா பிடிஎஃப்னே இருக்கும். இந்த ஏசி 1032, பிளான் வரையுற சாஃப்ட்வேரோட 2018 வடிவம். அதுக்கு முந்தி இந்த வடிவமே கெடையாது."

"படத்துல 2011-ன்னு இருக்கு."

"அத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய படத்தப் புது சாஃப்ட்வேர்ல தொறந்து ஒருக்கா சேவ் பண்ணாலும் வடிவம் மாறிரும். நானே பண்ணுவேன்."

திறந்தது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். சமையல் கூடம், வாசல், சன்ஷேடு, அம்புக்குறி, ஒன்றரை அடி. பிடிஎஃப்பில் பார்த்தது அப்படியே இருந்தது. என் மூச்சு சீரானதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஜீனத் அந்த எண்ணின்மேல் மவுசை வைத்துக் கிளிக் செய்தார். பக்கத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. அதைப் படித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. அளவு எழுதுறத நாங்க எழுத மாட்டோம். ரெண்டு முனையத் தொட்டா சாஃப்ட்வேரே கோட்ட அளந்து எண்ணப் போடும். ஆனா அந்த எண்ண அழிச்சிட்டு நம்ம கையால வேற எண்ணும் எழுதலாம். எழுதினா காகிதத்துல நாம எழுதுனதுதான் தெரியும். அது அளந்தது இங்க உள்ள அப்படியே இருக்கும்."

விரலை வைத்துக் காட்டினார். இரண்டு வரி. அளந்தது: மூன்றடி. எழுதியது: ஒன்றரை அடி.

"கோடு மூணடிதான் ஓடுது. கம்பியும் மூணடிக்குத்தான் வரைஞ்சிருக்கு, அதுவும் கொறச்சலா. எண்ண மட்டும் மாத்தியிருக்காங்க."

"ஏன் கோட்ட மாத்தல?"

"கோட்டச் சுருக்குனா கம்பி, வெட்டுத்தோற்றம், பட்டியல் எல்லாத்தையும் திரும்ப வரையணும். அரை நாள் வேல. எண்ணு மாத்த அரை நிமிஷம். யாரையோ எதிர்ல காக்க வச்சிக்கிட்டு செஞ்ச வேல மாதிரி இருக்கு."

எப்போது மாற்றியது என்று தெரியுமா என்று கேட்டேன். ஏதோ ஒரு கட்டளையைத் தட்டினார். நாலைந்து வரி வந்தது. உருவாக்கியது: 2011 மார்ச் 3. கடைசியாகச் சேமித்தது: 2024 ஜூலை 8, பிற்பகல் 2.57.

"அந்த மெஷின்ல மணி சரியா இருந்தாத்தான் இது சரி" என்றார்.

பையிலிருந்து டைரியை எடுத்து ஜூலை 8-ஐத் திறந்தேன். 2.50, அருணகிரியின் மேசைக்கு எதிரே. 3.05, வேலை முடிந்தது.

"என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சி. தண்ணி வேணுமா?"

ஒன்றுமில்லை என்றேன். டைரியை மூடினேன். அவர் கேட்ட டீயை வாங்கித் தர மறந்துவிட்டேன்.

வீடு வந்து இதை எழுதுகிறேன். ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது. அன்றைக்கே பிடிஎஃப் போட்டுத் தந்திருக்கலாம். ஏன் மூலக் கோப்பையே அனுப்பினான்? அவசரம் ஒரு காரணம். இன்னொன்று, பத்தொன்பது வருடத்தில் அவன் அனுப்பிய எதையும் நான் திறந்ததில்லை. அவனுக்கு அது தெரியும்.


ஜூலை 16, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அருணகிரியைப் பார்த்தேன். சொன்னவற்றைச் சொன்னபடி எழுதுகிறேன்.

நான்: "2.57-க்கு நான் எதிர்லதானவே உக்காந்திருந்தேன்."

அவன் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை. "யாருவே தொறந்து குடுத்தது? அந்த ஜெராக்ஸ்காரியா?"

"மூணடின்னு வரைஞ்சது நீரு."

"பஞ்சாயத்து பிரசிடெண்டு நீட்டச் சொன்னான், வரைஞ்சேன். பதிமூணு வருஷம் நின்னுச்சி. அடுத்த மே மாசம் எனக்கு ரிட்டயர்மெண்ட். ஜெயிலுக்குப் போயிட்டு ரிட்டயர் ஆகச் சொல்லுதீரா?"

"தங்கப்பழம் போயிருக்காரே."

"அவன் கொத்தன். ஒரு மாசத்துல வெளிய வந்து வேற வேலைக்குப் போயிருவான். எனக்கு அப்படியா?"

எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தான். சத்தத்தைக் குறைத்தான்.

"நான் வாயால சொன்னேன் வே. வாயால சொன்னது காத்தோட போச்சி. நகல் நமது நிருபரிடம் உள்ளதுன்னு அச்சுல போட்டது யாரு? இன்ஸ்பெக்டர் அவனத் தூக்குனது உம்ம பேப்பரப் பாத்து. தொறக்காமலே எழுதினேன்னு சொல்லப் போறீரா? சொல்லும். முப்பது வருஷ நிருபர், படத்தப் பாக்காமலே எழுதுவாருன்னு ஊரு சிரிக்கும். ரெண்டு பேருந்தாம்வே இதுல இருக்கோம்."

பிறகு, கொஞ்சம் வருத்தப்படுகிற குரலில்: "நீரு தொறக்கமாட்டீருன்னு நெனச்சேன், ராமசுப்பு."

டீக்குக் காசு அவன் கொடுக்க வந்தான். நானே கொடுத்தேன்.


ஜூலை 17, புதன்

மொகரம் விடுமுறை. எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.


ஜூலை 18, வியாழன்

எழுதி அனுப்பினேன். நானூறு வார்த்தை. வரைபடத்தில் எண் திருத்தப்பட்டது, திருத்திய நேரம், அப்போது அந்த அறையில் நான் இருந்தது. கடைசிப் பத்தி: "ஜூலை 9 செய்தியில் வரைபடத்தின் நகல் நிருபரிடம் உள்ளதாகக் குறிப்பிட்டிருந்தோம். நகல் இருந்தது. நிருபர் அதைத் திறந்து பார்க்கவில்லை."

செய்தி ஆசிரியர் நாலு மணிக்குக் கூப்பிட்டார். நான் வேலையில் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்.

"கடைசிப் பத்தி வேணாம் சார். லீகல் ஒத்துக்கமாட்டாங்க."

"அதுதான் செய்தியே."

"சார், நீங்க சீனியர், உங்களுக்குச் சொல்லணுமா. பாக்காமலே எழுதுறோம்னு நாமளே அச்சடிச்சா நாளைக்கு எல்லாக் கேசுலயும் அதத்தான் காட்டுவாங்க. புதுத் தகவல்னு மட்டும் போடலாம்."

பதில் சொல்வதற்குள் வேறு போன் வருகிறது என்று வைத்துவிட்டார்.


ஜூலை 19, வெள்ளி

ஆறாம் பக்கம், கீழே. "வரைபடத்தில் முரண்பாடு?" ஏழு வரி. கேள்விக்குறி அவர்கள் போட்டது. அறையில் நான் இருந்தது இல்லை. நேரம் இல்லை. உதவிப் பொறியாளர் பெயர் இல்லை. தங்கப்பழம் பெயர் மட்டும் இருக்கிறது.


ஜூலை 20, சனி

செல்லக்கனியின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை நான் வெளியே நின்றேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றடி என்று அளந்திருப்பது, எண்ணை மாற்றியது. நான் திறக்காதது. கேட்டுக்கொண்டே முறத்தில் இருந்த உளுந்தில் கல் பொறுக்கினார்.

"அன்னைக்கு நெட்வொர்க் இல்லன்னிய."

"இருந்தது."

"தெரியும். எம்மவ அன்னைக்கு அதே எடத்துல நின்னு அவ அண்ணங்கிட்ட வீடியோல பேசுனா."

தங்கப்பழத்தின் வக்கீலிடம் அழைத்துப் போனார். ஜாமீன் மனு செவ்வாய்க்கிழமை வருகிறதாம். வக்கீல் ஜீனத்தோடு போனில் பேசினார். என் போனை ஒப்படைக்க வேண்டும், பிரமாண வாக்குமூலம் வேண்டும் என்றார். பிறகு டைரியைக் கேட்டார்.

"8-ம் தேதிப் பக்கம் போதுமா?"

"முழுசா வேணும் சார். ஒரு பக்கத்தக் கிழிச்சிக் குடுத்தா மத்ததுல என்னத்த மறைக்கீங்கன்னு எதிர்த்தரப்பு கேட்கும். எழுதினதுல எதையும் அடிக்காதீங்க, சேர்க்காதீங்க."

வீட்டுக்கு வந்து முதலிலிருந்து புரட்டினேன். ஓடைப் பாலம் இருக்கிறது. "ம்" இருக்கிறது. "அந்த வரி இருந்தால் டெஸ்க்கில் கேள்வி கேட்கமாட்டார்கள்" இருக்கிறது. பேனாவைக் கையில் வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

உதவிப் பொறியாளர் அருணகிரி (59) மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை.


ஜூலை 22, திங்கள்

டாக்டர் மறைப்பை எடுத்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி ஒரு வாரம். கொஞ்சம் படிக்கலாம் என்றார். வடிவு வீட்டுக்கு வந்ததும் கேட்டது டைரியை.

"கோர்ட்டுல யாரோ படிக்கிறதுக்கு முன்னால நான் படிக்கணும்ல."

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தாள். நான் குழாய் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். 9-ம் தேதியில் நின்றாள் என்று பக்கம் திருப்புகிற சத்தம் நின்றதில் தெரிந்தது.

"இந்த 'ம்' எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இதுல எழுதியிருக்கமாட்டீங்க."


ஜூலை 23, செவ்வாய்

காலை 10.15. நீதிமன்ற வராண்டா. போனை வக்கீலிடம் கொடுத்தாயிற்று. இன்னும் சற்று நேரத்தில் இதையும் வாங்கிக்கொள்வார். அதற்குமேல் எழுத முடியாது.

உதவிப் பொறியாளர் எதிர்ப்பக்கம் இரண்டு பேரோடு நிற்கிறார். என்னைப் பார்த்தார். பார்க்காததுபோல் திரும்பினார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

செல்லக்கனி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. டைரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"நடந்தது."

"எங்க வீட்டுக்காரரப் பத்தியா?"

"அதிகம் என்னைப் பற்றித்தான்."

"வாசிச்சிக் காட்டுங்க" என்றார். "உள்ள போனா இங்கிலீஷுல என்னமும் பேசிக்கிடுவாங்க. எனக்கு இப்பத் தெரியணும்."

ஜூலை 8-ஐத் திறந்தேன். டீக்கறை உலர்ந்து பழுப்பாக இருக்கிறது. மணி, இடம், பலகையின் அளவு, மவுஸ், லெட்டர். மெதுவாகத்தான் வாசித்தேன். மாலை 6.30-க்கு எழுதியதற்கு வந்தேன். "வரைபடத்தின் நகல் நமது நிருபரிடம் உள்ளது."

"நில்லுங்க" என்றார். "அத இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன்.

"இன்னொரு தடவ."

வாசித்தேன். வக்கீல் கூப்பிடுகிறார். மணி 10.40.